மூணேமுக்கால் நிமிட மாப்பிள்ளை

மூணேமுக்காலைப் போன்ற ஒரு பிடிவாதக்காரரைப் பேராக் மாநிலம் பார்த்ததில்லை. மலேசியாவே பார்த்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. நான் ஜொகூர் பக்கம் போனதில்லை, அதனால் பேராக்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸின் டிரைவர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சுங்கை சிப்புட்டைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட நான்கு இடங்களில் எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு முதல் ஸ்டாப். ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலை கேட். நாற்பது பேர் போவோம். பெரும்பாலும் தமிழர்கள், மீதிப் பேர் நேப்பாளிகள்.

அந்த நாற்பது பேருக்கும் காலையில் தேவைப்பட்டது ஒன்றுதான். தூக்கம். அதைத்தான் இந்த மனிதர் எங்களிடமிருந்து பிடுங்கினார்.

மற்ற பஸ்களில் பாட்டுப் போடுவார்கள், கேட்டுக்கொண்டே தூங்கலாம். இவர் பஸ்ஸில் டிரைவர் தலைக்குமேல் ஒரு டிவி இருந்தது. அதில் ஒரு படம் ஓடும். ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை. முதலில் டிஸ்க்கில் ஓடியது, டிஸ்க் தேய்ந்ததும் அவர் மகள் அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். வாரத்தில் ஆறு நாள், பதினோரு வருடம். எத்தனை தடவை என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெருக்கினால் எனக்குக் கோபம் வரும்.

மாலையில் திரும்பும்போது போட மாட்டார். வேலை முடிந்து வருகிறவன் முகத்தில் சிரிப்பு நிற்காது என்பது அவர் கொள்கை. காலையில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதனால் ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று தெரியாமலே எங்களில் மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

எங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். ஒரு பணக்காரப் பெண் தனக்குப் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறாள். ஓடியவள் ஒரு பெரிய வீட்டில் நர்ஸ் என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைதான் கதாநாயகன். அவனுக்கு எந்த நோயும் கிடையாது. கல்யாணத்திலிருந்து தப்பிக்க நோயாளி மாதிரி படுத்திருக்கிறான். பொய் நர்ஸும் பொய் நோயாளியும் பார்த்த நிமிடத்திலிருந்து சண்டை. வாயா அது, பட்டாசுக் கடை. இதற்கு நடுவில் ஓடிப்போன பெண்ணைத் தேடிக்கொண்டு பழைய மாப்பிள்ளை அதே வீட்டுக்கு வந்து சேர்கிறான். பெண்ணை நேரில் பார்க்காமலே சம்மதம் சொன்னவன் அவன். அதனால் எதிரே நிற்பவள் அவள்தான் என்று அவனுக்குத் தெரியாது.

நர்ஸ் கதாநாயகனுக்குச் சூடாகப் பால் கொண்டு வருகிறாள். அவன் குடிக்க மாட்டேன் என்கிறான். அந்த வீட்டு மாமா டம்ளரை வாங்கி, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடம் “கொஞ்சம் பிடி” என்று கொடுத்துவிட்டுப் போகிறார். சண்டை தொடங்குகிறது. மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சண்டை முடிந்து மாமா திரும்பி வரும் வரை நிற்கிறான். மூணே முக்கால் நிமிடம். கடைசியில் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே ஒரு வசனம் பேசுகிறான். “மன்னிக்கணும், ஆறிப்போச்சு.”

உலகத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் சிறந்த நடிப்பு அந்த மூணே முக்கால் நிமிடம்தான் என்று எங்கள் டிரைவர் நம்பினார். பெயர் அப்படி வந்ததுதான்.

படத்தைப் பார்த்த யாரிடமும் கேளுங்கள், கதாநாயகியின் வாயைப் பற்றிச் சொல்வார்கள். கதாநாயகன் கட்டிலிலிருந்து உருண்டு விழுவதைச் சொல்வார்கள். டம்ளர் பிடித்தவனைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பிரதியில் பெயர்கள் ஓடும் பகுதியே இல்லை, நேராகச் சுவர் ஏறுவதில்தான் தொடங்கும். அதனால் அந்த நடிகன் யார் என்று மூணேமுக்காலுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு பழைய பட டிஸ்க் கடைக்குப் போய் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்தவராம். யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஆளே அந்தப் படத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை மூணேமுக்கால் பஸ்ஸை ஓட்டிய ஓட்டில் நேப்பாளி ஒருவர் சாமி கும்பிட்டார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், டிவி அவர் தலைக்குமேல் எங்களைப் பார்த்து இருந்தது. அவரால் படத்தைப் பார்க்க முடியாது. அவர் பார்த்தது எங்களைத்தான். தலைக்குமேல் இருந்த நீளமான கண்ணாடியில் எங்கள் நாற்பது முகங்களும் தெரியும். ஐந்தே முக்காலுக்குப் படம் தொடங்கினால், ஆறு நாற்பதுக்கு அந்தக் காட்சி வரும். அந்த நேரத்துக்குப் பஸ் ஜெலாப்பாங் சாலை விளக்குக்கு வந்திருக்கும். எல்லா டிரைவரும் பச்சை விளக்குக்கு விரட்டுவார்கள். இவர் சிவப்பு கிடைக்க வேண்டும் என்று உருட்டிக்கொண்டு வருவார். சிவப்பு கிடைத்துவிட்டால் கண்ணாடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். தூங்கினால் ஹார்ன்.

இறங்கும்போது படியருகே கேள்வி கேட்பார். டம்ளர் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது, எப்போது போனது. சரியாகச் சொன்னவர்களை மறுநாள் மழை பெய்தால் வீட்டு வாசலில் ஏற்றுவார். சொல்லாதவர்கள் சந்திவரை நனைந்துகொண்டு வரவேண்டியதுதான். எங்கள் ஊரில் பாதி நாள் மழை. நான் பதினோரு வருடம் நனைந்தேன்.

ஆச்சரியம், நேப்பாளிகள் சரியாகச் சொன்னார்கள். முதல் வாரத்திலேயே சரியான இடத்தில் சிரித்தார்கள். நாங்கள் எல்லாரும் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, கேட்க ஒன்றும் இல்லை, அதனால் பார்த்தார்கள். பார்த்தால் அந்த டம்ளர்தான் கண்ணில் படும். மூணேமுக்கால் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தமிழ் தெரிந்த ஜென்மங்கள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று எங்களைத் திட்டினார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரையும் அவ்வளவாகப் பிடிக்காது என்பது வேறு விஷயம். நான் கியூசி. காரின் பின்விளக்குக்கு வரும் சிவப்பு பிளாஸ்டிக் மூடிகளை விளக்கின்கீழ் பிடித்து, கீறல் இருக்கிறதா, உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. எட்டு மணி நேரம் உற்றுப் பார்க்கிறவளுக்குப் போகிற வழியிலும் உற்றுப் பார் என்றால் எப்படி இருக்கும். ஒரு நாள் இறங்கும்போது கேட்டேவிட்டேன்.

“அண்ணே, ஒரு ஆளு டம்ளர் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். இதுல என்னாலா நடிப்பு இருக்கு?”

அவர் கோபப்படவில்லை. ஸ்டியரிங்கை விட்டு இறங்கி வந்தார். அவர் பஸ்ஸுக்கு வருமுன் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர்.

“மேரி, நீ பால் வாளி தூக்கியிருக்கியா? ரெண்டு வாளி, வாயி வரைக்கும் பாலு. தோளுல காண்டாக் கம்பு. எதிர்ல வேலை வாங்குற தண்டல் நிக்கிறான், நல்லாருக்கியான்னு கேக்குறான். ஒரு சொட்டு சிந்தக் கூடாது, மூஞ்சியிலயும் ஒண்ணும் காட்டக் கூடாது. நல்லாருக்கேன் ஐயான்னு சொல்லணும். அது எவ்வளவு கஷ்டம்னு தூக்குனவனுக்குத் தெரியும். அந்தப் பய தூக்கியிருக்கான்லா.”

எனக்கு அதெல்லாம் தெரியாது, எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன். அப்போதுதான் அந்தப் பந்தயத்தை வைத்தார். நீதான் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், அவனிடம் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல், அன்றைக்கே டிவியைக் கழற்றிவிடுகிறேன் என்றார்.

நாற்பது பேர் தூக்கம் என் கையில். விடுவேனா. இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன், பிளாஸ்டிக் மூடியைப் பார்க்கிற மாதிரி.

குறை நிறைய இருந்தது. சுவர்க் கடிகாரம் சண்டை முழுக்கப் பத்து மணியிலேயே நின்றது. கதாநாயகனின் சட்டைப் பொத்தான் போட்டிருக்கும், அடுத்த நொடி திறந்திருக்கும். கதாநாயகிக்கு நர்ஸ் தொப்பி இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையிடம் வந்தேன்.

முதல் நிமிடம் அவன் முகத்தில் ஒரு பெருமை. நம்மை நம்பி ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறார்களே என்கிற பெருமை. பிறகு சூடு ஏறுகிறது. ஊத மாட்டேன் என்கிறான். அடுத்தவன் பாலை ஊதுவது மரியாதை இல்லையே. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் இரண்டு விரலால் விளிம்பைப் பிடிக்கிறான். கதாநாயகி முதுகைத் திருப்பும் நேரம் பார்த்துக் கை மாற்றுகிறான். யாரும் பார்த்துவிடக் கூடாதாம். மூன்றாவது நிமிடம் பாலில் ஆடை படிகிறது. அதை அவன் பார்க்கும் பார்வை இருக்கிறதே, தன்னால்தான் அது கெட்டுப்போகிறது என்கிற மாதிரி. அப்புறம் அந்தக் கடைசி முக்கால் நிமிடம். கதாநாயகன் கோபத்தில் கையை வீசுகிறான். கை டம்ளரை இடிக்க வருகிறது. மாப்பிள்ளை கையையும் பார்க்காமல், டம்ளரையும் பார்க்காமல், டம்ளரை ஒரு இஞ்ச் நகர்த்துகிறான். ஒரே ஒரு இஞ்ச். கை காற்றில் போகிறது. அவன் முகம் மாறவே இல்லை. வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் கைவீச்சுக்கு ஒரு இஞ்ச் ஒதுங்கிப் பழகிய முகம் அது.

எத்தனை தடவை பார்த்தும் ஒரு குமிழி இல்லை, ஒரு கீறல் இல்லை. சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே. இரண்டு வாரம் கழித்து என்ன ஆச்சு என்று கேட்டார். பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். குறை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீம்பு.

இப்படியே போயிருக்கும். ஒரு புதன்கிழமை டிவி ஒயர் தளர்ந்து படம் நின்றுவிட்டது. மூணேமுக்கால் இரண்டாவது ஸ்டாப் தாண்டி ஓரம் கட்டி, ஒயரைச் செருகி, படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார். பெரிய காட்சி கால் மணி நேரம் பின்னால் போய்விட்டது. மணி ஆறு ஐம்பத்தைந்து. தொழிற்சாலைக்கு முன்னால் இருக்கும் ரவுண்டபவுட்டில் பஸ் நுழைகிறது. மேலே மாமா டம்ளரை எடுத்து “கொஞ்சம் பிடி” என்கிறார்.

பஸ் எங்கள் சாலையில் திரும்பவில்லை. சுற்றியது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னொரு சுற்று. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். மூன்றாவது சுற்றில் என் சாப்பாட்டு டப்பா நடைபாதையில் உருண்டது. ஐந்தாவது சுற்றில் முன்வரிசை நேப்பாளிகள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்து கத்தினேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி கையை மட்டும் உயர்த்திக் காட்டினார், இரு, முடியப் போகிறது என்று. மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பஸ் நேரானது.

எங்கள் தொழிற்சாலையில் இன்னும் பஞ்ச் கார்டுதான். ஏழு தாண்டினால் மெஷின் சிவப்பில் அடிக்கும். நாற்பது பேர் ஓடிப்போய் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கறுப்பு. எனக்குச் சிவப்பு. பத்தொன்பது வருடத்தில் என் கார்டில் சிவப்பு கிடையாது. டெங்கி வந்து எழுந்த மறுநாளே நேரத்துக்கு வந்து நின்றவள் நான்.

காலை இடைவேளையில் ரொட்டியைத் தின்னாமல் புகார்க் கடிதம் எழுதினேன். மலாயில் எழுதினேன். இந்த டிரைவரை மாற்ற வேண்டும் என்று கடைசி வரியில் எழுதினேன். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கொடுத்துவிட்டுத்தான் மற்றது காதில் விழுந்தது. அந்த பஸ் குத்தகைக்காரரிடம் வயதான டிரைவரே வேண்டாம் என்று ஏற்கெனவே பேச்சு. தொழிற்சாலையிலிருந்து ஒரு வார்த்தை போனால் அவரை அனுப்பிவிடுவார்கள். அந்த வயதில் வேறு யார் பஸ்ஸைக் கையில் கொடுப்பார்கள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கார்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. சங்கடத்தை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனிதவள அதிகாரி ஒரு மலாய்க்காரர், புதிதாக வந்தவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். சிறிய அறை. மேசை முழுக்க ஃபைல். புகார் எழுதியவள் என்பதால் நான் ஒரு நாற்காலியில். மூணேமுக்கால் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு கிளாஸ் தே ஓ, பால் சேர்க்காத தேநீர். வெளியே காத்திருந்தவருக்கு ஆபீஸ் சுத்தம் செய்யும் அக்கா பாவம் பார்த்துப் போட்டுக் கொடுத்தது. கைப்பிடி இல்லாத கண்ணாடி கிளாஸ், ஆவி பறந்துகொண்டிருந்தது.

அதிகாரி மலாயில் கேட்டார். ரவுண்டபவுட்டை ஏழு தடவை சுற்றியதாகக் கடிதத்தில் இருக்கிறதே, உண்மையா என்று.

இல்லை துவான் என்றார் மூணேமுக்கால். பொய் சொல்கிறாரே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, ஏழு இல்லை, ஒன்பது என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டார். படத்தில் ஒரு ஆள் இருக்கிறான், அவன் வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது என்று மூணேமுக்கால் விளக்கத் தொடங்கினார். விளக்கக் கை வேண்டும். கிளாஸை வைக்க மேசையில் இடம் இல்லை. “தோலோங் பெகாங் செகஜாப், துவான்” என்றார். கொஞ்சம் பிடிங்க ஐயா என்று. அதிகாரி மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்.

அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் கோபம் எனக்கு.

“ஒம்பது சுத்து அண்ணே. எதுக்கு ஒம்பது?” என்று தமிழுக்கு மாறிவிட்டேன்.

“அவன் டம்ளர இன்னும் திருப்பிக் குடுக்கல. எப்படிலா பாதியில எறக்கி விடுறது?”

“பத்தொம்பது வருஷம் என் கார்டுல செவப்பு கெடையாது. தெரியுமா உங்களுக்கு?”

“செவப்பு ஒரு நாளு இருந்துட்டுப் போவுது. பதினோரு வருஷமா என் பஸ்ஸுல வார. ஒரு தடவ சிரிச்சிருக்கியா? அதச் சொல்லு மொதல்ல.”

“சிரிக்கிறதுக்கா வாரேன்? வேலைக்கு வாரேன்.”

“ரெண்டு வாரம் கண்ணு கொட்டாம பாத்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கண்ணாடியில எல்லாம் தெரியும். உதட்டக் கடிச்சியே. அதுவும் தெரியும். சரி, ஒரு தப்பு சொல்லு. ஒண்ணே ஒண்ணு. இப்பவே போயி டிவிய கழட்டிட்டு, நானும் எறங்கிக்கிறேன்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவரும் நின்றார். பதினோரு வருடத்து மழை எல்லாவற்றையும் நான் அவர்மேல் கொட்டினேன். அவர் ரவுண்டபவுட்டை எப்படிச் சுற்றினார், எவ்வளவு மெதுவாக, ஒருவருக்கும் அடிபடாமல் சுற்றினார் என்று காட்ட வலது கையை அகலமாக வீசினார்.

அதிகாரி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். ஒரு வார்த்தை புரியாமல், யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கிளாஸ் இப்போது இடது கையில் இருந்தது. எப்போது மாற்றினார் என்று நான் பார்க்கவில்லை. இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்திருந்தார். மூணேமுக்காலின் கை வீசிக்கொண்டு வந்தது. அதிகாரி கையைப் பார்க்கவில்லை. கிளாஸையும் பார்க்கவில்லை. கிளாஸை ஒரு இஞ்ச் நகர்த்தினார். கை காற்றில் போனது. அவர் முகம் மாறவே இல்லை.

நான் சிரித்துவிட்டேன்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தேன். ஆபீஸ் அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

மூணேமுக்கால் பேச்சை நிறுத்திவிட்டார். அதிகாரி பக்கம் அவர் திரும்பவே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகப் போகிற மனிதரின் முகமாக அது இல்லை.

“சிரிச்சிட்ட” என்றார் மெதுவாக.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மலாயில், மிகப் பணிவாக, இதை இப்போது கீழே வைக்கலாமா என்று கேட்டார்.

கிளாஸை நான் வாங்கி, ஒரு ஃபைலைத் தள்ளிவிட்டு மேசையில் வைத்தேன். அடக்கிக்கொண்டு மலாயில் சொன்னேன். ஒன்பது சுற்று தப்பு. என் கார்டின் சிவப்பும் உண்மை. கடிதத்தை வாபஸ் வாங்க மாட்டேன், நடந்தது நடந்ததுதான். ஆனால் டிரைவரை மாற்றச் சொன்ன கடைசி வரியை அடித்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று அதிகாரி கேட்டார். இவர் சொல்லும் அந்த ஆளை நான் இரண்டு வாரம் பரிசோதித்தேன், ஒரு குறையும் இல்லை என்றேன். அதற்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. மரியாதையான மனிதர், எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. ரவுண்டபவுட்டுக்குள் நுழையும்போது டிவி அணைந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மூணேமுக்கால் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். எப்படி என்றால், ஒயர் கியர் ஏதாவது கோளாறு செய்தாலும் காட்சி முடிந்துவிட வேண்டும் என்று முதல் ஸ்டாப்பைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார். ஐந்தரைக்குக் கிளம்பினோம். நாற்பது பேரும் அவரைத் திட்டவில்லை. என்னைத் திட்டினார்கள். அந்தப் பதினேழு கையெழுத்துக்காரர்கள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

எனக்கு மட்டும் மழையில் வீட்டு வாசலுக்கு பஸ் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்பு கண் பரிசோதனையில் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். இப்போது குனோங் ராபாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து பார்க்கப் போனேன். கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மருமகன் பெரிய டிவியும் வாங்கி மாட்டியிருந்தார். மகள் எனக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரச் சொல்லவே இல்லை மனிதர், பென்டிரைவைச் செருகி, சரியாக அந்தக் காட்சிக்குத் தள்ளிவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு நிம்மதியாக உட்கார்ந்து படத்தைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

நாற்காலியை இழுத்து, டிவிக்கு முதுகைக் காட்டி, என் முகத்துக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, இப்பதான் கண்ணு நல்லாருக்குல்ல. திரும்பிப் பாருங்களேன்.”

“அத எனக்குத் தெரியும்லா. நீ பாரு.”

பார்த்தேன். பெருமை வந்தது, சூடு ஏறியது, கை மாறியது, ஆடை படிந்தது. அந்த ஒரு இஞ்ச் வந்தது. மூணே முக்கால் நிமிடம் முடிந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமலே ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டார். மீதியைப் போடுங்கள், அந்தப் பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்றாவது தெரியட்டும் என்றேன். அவன் இதற்குமேல் படத்தில் வரமாட்டான், எவள் எவனைக் கட்டினால் நமக்கென்ன என்றார்.

மகள் வந்து கோப்பைக்குக் கை நீட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். கோப்பி நிறைந்தபடியே என் கையில் இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வலது கையில் வாங்கியது, இடது கையில் இருந்தது.

“மன்னிக்கணும், ஆறிப்போச்சு” என்றேன்.

மூணேமுக்கால் அப்போதும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.